கேனும் கேள்வியும்: மாமா பதில்கள்

வேனை வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுவது பற்றிப் போன தடவை மாமா ஒரு வரி சொல்லப்போக, தபால்காரர் ஒரு கட்டுக் கடிதத்தோடு வந்து நிற்கிறார். எல்லாருடைய சந்தேகமும் ஒன்றுதான்: எண்ணெய்க் கேனை எங்கே வைப்பது? பதில் சொல்லாவிட்டால் பாதிப்பேர் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

புதிய வேன்காரர், ரொசிட்டா: பழைய வேன் வாங்கி, கட்டில், அடுப்பு எல்லாம் பூட்டிவிட்டேன். குடும்பத்தோடு ஊர் சுற்றக் கையிருப்பாக எத்தனை லீற்றர் பெற்றோல் கொண்டுபோக வேண்டும்?

இந்தியாவில் மனாலியிலிருந்து லே போகும் பாதையில் டாண்டி என்றொரு ஊர். அங்குள்ள பெற்றோல் செட்டில் ஒரு போர்டு பிரசித்தம்: அடுத்த செட் 365 கிலோமீற்றரில். அந்தப் பாதையில் கேன் கட்டாமல் போகிறவன் மடையன். நமது தீவின் மொத்த நீளமே 430 கிலோமீற்றர் சொச்சம். கொட்டகலையில் டேங்கை நிரப்பிக் கிளம்பி ஹட்டனுக்குள் எண்ணெய் தீர்ந்தால், நீர் தேட வேண்டியது கேனை அல்ல, ஓட்டையை.

அவரே மறுபடியும்: அப்படியானால் கேனே வேண்டாமா?

அவசரப்படாதீர். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது மண் சரிந்து மலையகப் பாதைகள் துண்டு துண்டாகப் போயின. அப்படியொரு நாளில் சுற்றுவழி போக நேர்ந்தால் கையில் ஐந்து லீற்றர் இருப்பது புத்திதான். மேட்டில் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடினாலும் நாற்பது ஆயிற்று. இந்த நாட்டில் நாற்பது கிலோமீற்றருக்குள் ஒரு செட்டும் ஒரு சாப்பாட்டுக் கடையும் ஒரு கட்சி அலுவலகமும் வராத திசை அபூர்வம்.

பயண விரும்பி, லிந்துலை: ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறோம். உள்ளே பெற்றோல் கிடைக்குமா?

கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நுவரெலியாவில் நிரப்பிக்கொண்டு பட்டிப்பொல வழியாகப் போனால், போகவர எழுபது கிலோமீற்றருக்குள் அடங்கும். சாம்பர் மான் பக்கத்தில் வந்து நிற்கும். அது கேட்பது பெற்றோல் இல்லை, உங்கள் பிஸ்கட்டை. அதையும் கொடுக்காதீர்கள்.

பெயர் வேண்டாம் என்கிற மனைவி, டிரேட்டன்: 2022 எண்ணெய் வரிசைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கட்டிலுக்கடியில் இருபது லீற்றர் பெற்றோல் வைத்திருக்கிறார். வேனில் போனால் அந்தக் கேனும் கூடவே வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியவர் அவர். ஆனாலும் மனுஷனை முழுக்கக் குறை சொல்ல வாய் வரவில்லை. 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டது. மாதக் கடைசியில், அத்தியாவசிய சேவை தவிர யாருக்கும் கிடையாது என்று கையை விரித்தார்கள். ஜூலையில் கியூஆர் பங்கீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று தொடங்கினார்கள். வரிசையில் தூங்கினவர் உண்டு, வரிசையில் சமைத்தவர் உண்டு, வரிசையிலேயே உயிரை விட்டவரும் உண்டு. கேனில் அடிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். கேன்களெல்லாம் கட்டிலுக்கடியில் தலைமறைவாயின.

அந்தக் கியூஆர் 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி நீக்கப்பட்டது. அன்றைய வரிசை கலைந்து எவ்வளவோ நாள். உங்கள் கட்டிலடியில் மட்டும் ஒரு கேன் இன்னும் முறைக்குக் காத்து நிற்கிறது. அது அந்தக் காலத்துப் பெற்றோலேதான் என்றால் இன்னொரு செய்தியும் சொல்லிவிடுங்கள். மூடிவைத்த பெற்றோலும் ஆறேழு மாதத்தில் வீரியம் இழக்கத் தொடங்கும், வருஷக்கணக்கில் கிடந்தால் பிசின் கட்டும். வண்டி ஓட உதவாது. வீடு எரிய மட்டும் நன்றாகவே உதவும்.

கிடங்குக்குப் பக்கத்து வீட்டுக்காரர், கொட்டகலை: எண்ணெய் ரயில் வந்து இறக்குகிற ஊர் இது. லட்சக்கணக்கான லீற்றர் பக்கத்தில் இருக்கும்போது என் வீட்டுப் பத்து லீற்றருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

எண்ணெய்க் கிடங்கு என்றால் தாங்கியைச் சுற்றி அணைச்சுவர் எழுப்புவது உலக வழக்கம். தாங்கி உடைந்தால் எண்ணெய் ஊருக்குள் ஓடாமல் அங்கேயே நிற்க வேண்டும். நுரை தெளிக்க ஏற்பாடு இருக்கும், நெருப்புப் பெட்டியை வாசலிலேயே வாங்கி வைப்பார்கள். உங்கள் கேனைச் சுற்றி என்ன இருக்கிறது? விறகு அடுப்பு, சாமி விளக்கு, பீடி குடிக்கிற மாமனார்.

ஆட்டோக்காரர், யுலிபீல்ட்: அவசரத்துக்குத் தண்ணீர்ப் போத்தலில் ஒன்றரை லீற்றர் வைத்திருக்கிறேன். அதில் என்ன குறை?

மூடி பெற்றோலுக்கென்று செய்ததில்லை. வெயிலில் உள்ளே ஆவி தள்ளும்போது கசியும். பிளாஸ்டிக் உரசினால் மின்னேற்றம் பிடித்துவைத்துக்கொள்ளும். இவையெல்லாம் சில்லறைக் குறைகள். பெரிய குறை, அது பார்க்கக் குடிக்கிற சாமானாகத் தெரிவது. சோடாப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் நம் நாட்டில் உண்டு. போத்தல் தண்ணீருக்கு, கேன் பெற்றோலுக்கு. சம்பந்தம் கலக்காதீர்.

கல்வியியற் கல்லூரி மாணவர், பத்தனை: இந்தக் குளிரில் பெற்றோல் எங்கே ஆவியாகப் போகிறது?

மைனஸ் 43 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றுமளவு ஆவி விடுகிற சாமான் அது. நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் பனி உறைந்தால் பத்திரிகைக்காரர் படம் எடுக்க ஓடுகிறாரே, அந்தக் குளிர் பெற்றோலுக்குக் கோடை விடுமுறை. நீர் சுவெட்டர் போட்டிருக்கிறீர் என்பதற்காக அதுவும் போடாது.

இல்லத்தரசி, வட்டவளை: வேனுக்குள் கேனை வைத்து, மேல் ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாதா?

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேல் ஜன்னல் பக்கம் அது எட்டியும் பார்க்காது. தரையோடு தவழ்ந்து போய்ப் பாயில் படுத்திருக்கிறவர் பக்கத்திலே படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பிடிக்கத் தயார். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுக் கன மீற்றர் உள்ள வேனில் ஒரே ஒரு லீற்றர் சிந்தி முழுக்க ஆவியானால், அந்த அளவு வந்து மிச்சமும் இருக்கும். அதற்குப் பிறகு தேநீர் போட நீங்கள் லைட்டரைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. தட்டாவிட்டாலும், குளிர்சாதனப் பெட்டியின் சுவிட்ச் தானாகவே ஒரு பொறி விடும்.

சுற்றுலா டிரைவர், கினிகத்தேனை: கொழும்பில் இறுக்கி மூடிய பிளாஸ்டிக் கேன், நுவரெலியாவுக்குப் போனதும் வயிறு ஊதி நிற்கிறது. பேயா?

பேயாக இருந்தால் தேசிக்காய் வெட்டிச் சமாளிக்கலாம். இது காற்றமுக்கம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே வெளிக்காற்றின் அமுக்கம் கொழும்பில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே அடைபட்டது கொழும்புக் காற்று, அது கொழும்புக்காரர் மாதிரி இடம் கேட்கத்தான் செய்யும். வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பக்கத்தில் சிகரெட் இல்லை என்று பார்த்து, மூடியை மெல்ல மெல்லத் திருகி மூச்சு விடவிடும். முகத்தை மட்டும் மேலே நீட்டாதீர்.

திரும்பி இறங்கும்போது அதே கேன் கன்னம் ஒட்டிப்போய் நிற்கும். அதற்கும் மந்திரிக்க வேண்டாம்.

சிக்கனக்காரர், நோர்வூட்: கேனை விளிம்புவரை நிரப்பினால் காற்றுக்கே இடமில்லை. அது நல்லதுதானே?

பத்துப் பாகை சூடேறினால் பெற்றோல் நூற்றுக்கு ஒரு பங்கு விரியும். விடியற்காலைக் குளிரில் ததும்ப ததும்ப நிரப்பிய இருபது லீற்றர், மத்தியானம் அவிசாவளை வெயிலில் இன்னும் கால் லீற்றருக்கு இடம் கேட்கும். காலை ஹட்டன் பஸ்ஸில் கடைசியாக ஏறுகிறவரைப் போல அது கதவைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும். இருபது கொள்ளும் கேனில் பத்தொன்பதோடு கையை எடுக்கவும்.

பழைய இரும்புக்காரர், தலவாக்கலை: இராணுவக் கேன் ஒன்று கிடைத்தது. மேலே மூன்று கைப்பிடி. மனிதனுக்கு இரண்டு கைதானே?

மூளை ஒன்று இருந்தால் மூன்று கைப்பிடியின் அருமை தெரியும். 1937இல் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் என்ற ஜேர்மன் பொறியாளர் வரைந்தது அது. நடுக்கைப்பிடியைப் பிடித்து ஒருவர் தூக்கலாம். ஓரக்கைப்பிடிகளில் ஆளுக்கொன்றைப் பிடித்து இருவர் சேர்ந்து சுமக்கலாம். வெற்றுக் கேனென்றால் ஒரே கையில் இரண்டு. உச்சியில் ஒரு காற்றறை, பெற்றோல் விரிய அது இடம் கொடுக்கும், தண்ணீரில் விழுந்தால் மிதக்கவும் வைக்கும். திருகு மூடி கிடையாது, நெம்புகோல் மூடி. வயிற்றுப் பக்கம் அழுத்திவிட்ட பெருக்கல் குறி, தகடு வளையாமல் இருக்க.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் படை வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் மெல்லிய தகரப் பெட்டியில் நான்கு கலன் பெற்றோலை ஏற்றிக்கொண்டு போனது. அது வழியெல்லாம் ஒழுகியது. பாலைவனம் குடித்தது பாதி, டாங்கி குடித்தது மீதி. எதிரியிடம் பிடித்த கேனைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்குப் புத்தி வந்து, அச்சு அசலாகக் காப்பி அடித்தார்கள். உலக யுத்தத்திலே காப்பி அடித்தால் தந்திரம், ஓஎல் சோதனையில் அடித்தால்தான் குற்றம்.

உமது கேனுக்கு வருவோம். உள்ளே டோர்ச் அடித்துத் துருவைப் பாரும், மூடி வளையத்து ரப்பரைப் பாரும். ரப்பர் வெடித்திருந்தால் பூச்சாடியாக வைத்துக்கொள்ளும்.

அனுபவஸ்தர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர், டிக்கோயா: கேனைக் கூரைமேல் கட்டுவதா, பின்னால் தொங்கவிடுவதா, உள்ளேயே வைப்பதா? மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

மூன்று பேரும் தம் வண்டியைத்தான் சொல்கிறார்கள். உள்ளே என்பதை முதலில் அடித்துவிடும். படுக்கிற அறையும் பெற்றோல் அறையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

கூரை என்றால் காற்றோட்டம் உண்டு, மணம் உள்ளே வராது. ஆனால் இருபது லீற்றர் பெற்றோல் பதினைந்து கிலோ, இரும்புக் கேனோடு இருபதை எட்டும். அந்தப் பாரத்தை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு ரம்பொடை வளைவுகளில் திருப்பினால் வண்டி உம்மோடு ஒத்துழைக்காது. வெயிலும் நேரே மண்டையில் அடிக்கும்.

பின்பக்கம் என்றால் எடுக்க வசதி, ஆனால் பின்னால் வருகிற பஸ் முதலில் முத்தமிடுவது அதைத்தான். நம் தனியார் பஸ்களின் அன்பு உமக்குத் தெரியாததல்ல. பக்கவாட்டில், புகைக்குழாய்க்கு எதிர்ப்புறத்தில், அடியில் ஓட்டை விட்ட ஒரு பூட்டுப்பெட்டி செய்து, கேனை நிமிர்த்தி நிறுத்தி, அசையாமல் பட்டி போட்டுக் கட்டுவது மாமாவின் கட்சி. அது முடியாதென்றால் கூரையில் ஐந்து லீற்றர், அதற்கு மேல் வேண்டாம். கயிற்றால் கட்டிவிட்டேன் என்று சொல்லாதீர், அது கொழுந்துச் சாக்குக்கு.

இன்னொரு டிரைவர், அக்கரப்பத்தனை: முன்கண்ணாடியில் முருகன் படம், ஊதுபத்தி ஏற்றாமல் வண்டி எடுக்கமாட்டேன். பின் சீட்டில்தான் கேன்.

முருகனுக்கு மயில் போதும், ரொக்கட் வேண்டாம்.

அதே வண்டியின் நடத்துனர்: முன் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் கிளம்புகிறோம். காப்பாற்றாதா?

டயரைக் காப்பாற்றலாம்.

செட்டில் வேலை செய்பவர், பெயரும் ஊரும் வேண்டாமாம்: போன் பேசினால் தீப்பிடிக்கும் என்று போர்டு வைத்திருக்கிறோம். கேனில் அடிக்கும்போதும் போன்தான் எதிரியா?

அமெரிக்காவில் செட் தீ விபத்துகளைத் துருவிப் பார்த்தவர்களால் போன் மேல் ஒரு கேஸைக்கூட நிரூபிக்க முடியவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டது நிலைமின்சாரம். சீட்டில் உரசி இறங்கிய கை, பம்பு முனையைத் தொடும்போது விடும் சின்னப் பொறி.

கேனுக்கு இது இன்னும் பொருந்தும். வேனுக்குள்ளே ரப்பர் விரிப்பிலோ பிளாஸ்டிக் தட்டிலோ கேனை வைத்தபடி அடித்தால், மின்னேற்றம் இறங்க வழியில்லாமல் கேனிலேயே தங்கும். கேனை இறக்கித் தரையில் வையுங்கள். பம்பு முனை கேன் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். மெதுவாக அடியுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் ஹோர்ன் அடிப்பார். அவருக்கு ஹோர்ன்தான் தெரியும், பௌதிகம் தெரியாது.

கராஜ் பையன், ஹட்டன்: டேங்கிலிருந்து கேனுக்கு எடுக்கக் குழாயை வாயால் உறிஞ்சுவோம். முதலாளியும் அப்படித்தான்.

வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து தம்பி. ஒரு மடக்கு புரையேறினாலே நுரையீரல் வெந்து நிமோனியா வரும். விழுங்கிவிட்டால் விரலைவிட்டு வாந்தி எடுக்கவும் கூடாது, ஏறும்போது இரண்டாம் முறை நுரையீரலைப் பார்த்துவிட்டுத்தான் வரும். நேரே ஆஸ்பத்திரி. கையால் அமுக்குகிற பம்பு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிறது. முதலாளி வாங்கித் தரமாட்டாரென்றால், அவரையே உறிஞ்சச் சொல்.

பெற்றோல் மணம் பிடிக்கும் ஒருவர், கந்தப்பளை: அந்த வாசம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே உயிர்.

அதில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பட்டியலில் உலக ஆராய்ச்சியாளர்கள் வைத்த சாமான். மல்லிகைக்கு மாறும்.

டீசல்காரர், மஸ்கெலியா: என் வேன் டீசல். நான் இந்தக் கேள்வி-பதிலைப் படிக்காமல் தாண்டலாமா?

பாதி தாண்டலாம். டீசல் ஐம்பது பாகைக்கு மேல் சூடேறினால்தான் தீப்பற்றுமளவு ஆவி விடும். ஆகவே சாதுவான சாமான். ஆனால் சிந்தினால் காயாது, படுக்கையில் பட்டால் மனைவி மன்னிப்பார், மூக்கு மன்னிக்காது. சூடான இஞ்சின்மேல் தெறித்தால் சாதுவும் மிரளும். சாது மிரண்டால் என்ன ஆகும் என்று பழமொழி சொல்கிறது, பெற்றோலுக்கு அப்படிப் பழமொழியே தேவைப்படாது.

லாந்தர் பிரியர், போகாவத்தை: வேனில் மண்ணெண்ணெய் லாந்தர் வைத்திருக்கிறேன். 87 ரூபாய்க்கு வாங்கியது ஒரு காலம்.

2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 340 ஆனது. லயத்துக் குப்பி விளக்கும் மண்ணெண்ணெய் அடுப்பும் அன்று பட்ட பாட்டை மாமா மறக்கவில்லை. விலை ஏறினால் கலப்படமும் தேடி வரும். நல்ல மண்ணெண்ணெய் 38 பாகைக்குமேல்தான் தீப்பற்றும் ஆவி விடும். அதில் கொஞ்சம் பெற்றோல் கலந்தாலும் அந்தக் கணக்கு அடியோடு சரியும், லாந்தர் குண்டாகும். பெற்றோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்காதீர். வேனுக்குப் பற்றரி விளக்கு போதும்.

பிரஷ் கட்டர் வைத்திருப்பவர், ஸ்டோனிக்லிப்: மெஷினுக்கு இரண்டு லீற்றர் வீட்டில் வைக்க வேண்டியிருக்கிறது. வேன் வாங்க வக்கில்லாதவனுக்கு மாமா பதில் சொல்வீர்களா?

உமக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வேனில் தீப்பிடித்தால் ஒரு குடும்பம் வெளியே குதிக்கும். லயத்தில் பிடித்தால் ஒரே கூரை, ஒரே முகட்டுச் சட்டம். முதல் காம்பிராவில் பற்றியது கடைசிக் காம்பிராவுக்குப் போகிற வேகத்தைக் கண்டவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். பிள்ளைகளின் புத்தகம், அடையாள அட்டை, சேர்த்து வைத்த நகை எல்லாம் ஒரு மணி நேரத்தில் போகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அடுப்புக்கும் கேனுக்கும் இடையே இடைவெளி கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஆகவே கேன் வீட்டுக்குள் வேண்டாம். வெளியே, மழைபடாத, பூட்டுள்ள விறகுக் கொட்டில் ஏதாவது. விறகுக் கொட்டிலில் அடுப்பு எரிந்தால் அதுவும் வேண்டாம். மெஷின் சூடாக இருக்கும்போது நிரப்பாதீர். தோட்டத்து வேலைக்கென்றால் எண்ணெயை வைத்துத் தர வேண்டியது தோட்டத்து ஸ்டோர், உமது கட்டிலடி அல்ல. கணக்கப்பிள்ளையிடம் மாமா சொன்னதாகவே சொல்லும்.

ஒரு வாசகர், மதுரை: கூட்டமாக யாத்திரை போகும்போது சமைத்துச் சாப்பிட ஒரு சின்ன சிலிண்டர் எடுத்துப்போனால் என்ன தப்பு?

இந்தக் கேள்வியை உங்கள் ஊரிலிருந்து கேட்கலாமா? 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. லக்னோவிலிருந்து வந்த யாத்திரீகர்களின் சுற்றுலா ரயில்பெட்டி மதுரை ஸ்டேஷன் அருகே தனியே நின்றது. உள்ளே கள்ளத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரில் அடுப்புப் பற்றவைத்தார்கள். ஒன்பது பேர் போய்விட்டார்கள். ரயிலில் தீப்பற்றும் சாமான் கொண்டுபோவதை 1989 ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு தடுக்கிறது. எழுதி ஒட்டாத குறையா? 2019 அக்டோபரில் பாகிஸ்தானிலும் ஓடுகிற ரயிலில் தீப்பிடித்து எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், முதலில் சிலிண்டர் என்றுதான் சொன்னார்கள். இதற்கு மாமாவிடம் பகிடி இல்லை.

மலை ஏறுபவர், நல்லதண்ணி: சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில், டிசம்பரிலிருந்து வெசாக் வரை, வேனிலேயே படுப்பவர்கள் உண்டு. குளிருக்குக் கரிச்சட்டி ஏற்றி, கதவை அடைத்துப் படுக்கலாமா? பெற்றோல் கேன் எங்களிடம் இல்லை!

கேன் இல்லாமலும் சாக இது நல்ல வழி. கரி எரிய எரியக் காபனோரொட்சைட் வரும். நிறமில்லை, மணமில்லை, இருமல் வராது. தலைவலியும் தூக்கமும்தான் வரும், அந்தத் தூக்கம் விடியாது. ஜெனரேட்டரை உள்ளே வைப்பதும், வெளியே ஜன்னலுக்கு நேராக வைப்பதும், ஹீட்டருக்காக இரவெல்லாம் இஞ்சினை ஓடவிடுவதும் ஒரே குலம். கம்பளி வாங்கும். சிவனொளிபாதம் ஏறினால் உடம்பு தானாகச் சூடேறும்.

ஊர்சுற்றும் ஜோடி, நானுஓயா: குட்டி காஸ் டப்பா அடுப்பு விடியற்காலையில் பற்றவே மாட்டேன் என்கிறது.

உள்ளே பெரும்பாலும் பியூட்டேன். அது கொதித்து வாயுவாவதே பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில். உறைபனியில் அதுவும் போர்வைக்குள் இருக்கும். டப்பாவைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். இன்னொரு அடுப்பில் காட்டிச் சூடாக்கினால் அது உங்களைச் சூடாக்கும்.

ஒரு மருமகன், ஹரோ, லண்டன்: இங்கே வீட்டில் 30 லீற்றர்வரை அனுமதி. பிளாஸ்டிக் கேன் 10, இரும்புக் கேன் 20. அங்கே போல் குழப்பமில்லை.

அப்படியா? 2012 மார்ச்சில் உங்கள் பௌசர் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்யலாம் என்ற பேச்சு வந்தது. உங்கள் அமைச்சர் பிரான்சிஸ் மோட், ஒரு கேனில் கொஞ்சம் பெற்றோல் பிடித்து கராஜில் வையுங்கள் என்று திருவாய் மலர்ந்தார். ஊரெல்லாம் செட்டுக்கு ஓட்டம். இரண்டே நாளில் யோர்க் நகரில் ஒரு பெண் சமையலறையில் காஸ் அடுப்பு எரிய, பக்கத்தில் பெற்றோலை மாற்றி ஊற்றி மோசமாகக் கருகினார். வேலைநிறுத்தமோ நடக்கவே இல்லை.

சட்டம் லீற்றரை அளக்கும். அமைச்சரின் வாயை அளக்க இன்னும் கருவி வரவில்லை, அங்கேயும்.

ஒரு தேயிலைக்காரர், குன்னூர்: எங்கள் சட்டம் என்ன சொல்கிறது மாமா?

1934ஆம் ஆண்டுப் பெற்றோலியச் சட்டம். விற்பனைக்கல்லாமல் 30 லீற்றர்வரை உரிமம் வேண்டாம். ஆனால் கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லீற்றருக்கு மேற்படாத பாத்திரம். உலோகமென்றால் 25க்கு மேற்படாதது. வெள்ளைக்காரன் எழுதியது, பிளாஸ்டிக் வாளி அவன் கனவில் வரவில்லை.

மச்சான், ரொறன்ரோ: இங்கே சிவப்புக் கேன் பெற்றோல், மஞ்சள் டீசல், நீலம் மண்ணெண்ணெய். அங்கே எப்படி?

இங்கே எல்லாக் கேனும் முற்பிறவியில் தேங்காயெண்ணெய். பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவோர் சொற்பம். ஒட்டாதவர் வீட்டில் ஒரு நாள் வடை பெற்றோலில் வேகும்.

கவனக்காரர், இராகலை: ஓடும்போது பெற்றோல் மணம் அடித்தால் முதலில் என்ன செய்வது?

நிறுத்து, இஞ்சினை அணை, ஆட்களை இறக்கு. பிறகு பேசு. உள்ளே லைட் போட்டுத் தேடாதே, ஒவ்வொரு சுவிட்சும் ஒரு பொறி. கதவுகளை அகலத் திற, தரையோடு காற்று ஓடட்டும். பெரும்பாலோர் செய்வது: ஜன்னலை இறக்கிவிட்டு, “அடுத்த டவுனில் பார்ப்போம்” என்பது.

தீயணைப்பு ஆர்வலர், கொட்டகலை டவுன்: பெற்றோல் பற்றினால் ஒரு வாளித் தண்ணீர் போதாதா?

பெற்றோல் தண்ணீரின்மேல் ஏறி மிதக்கும். நீர் ஊற்றுகிற தண்ணீரிலே சவாரி செய்து, பற்றாத இடத்தையும் பற்றும். உலர்தூள் கருவி ஒன்று வாங்கிக் கதவருகே மாட்டும். கேனுக்குப் பின்னால் மாட்டி வைத்திருப்பவரும் உண்டு, நெருப்பைத் தாண்டி எடுக்கப் பழகினவர்கள் போலும். முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு தரம் பார்க்க வேண்டும். கருவி இல்லாத இடத்தில் மண், மணல், நனைத்துப் பிழிந்த சாக்கு. எதுவும் அடங்காவிட்டால் கால்.

கணக்குப் பிள்ளை, ஏஎல் வகுப்பு: ஒரு லீற்றர் பெற்றோலில் எவ்வளவு சக்தி?

ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதனால்தான் உலகமே அதன் பின்னால் ஓடுகிறது. மெதுவாக எரித்தால் பயணம், ஒரேயடியாக எரித்தால் செய்தி.

குறும்புக்காரர், கொட்டகலை: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் வேனில் கேன் எங்கே இருக்கிறது?

வேன் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளும். மாமாவுக்கு ரயில். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போகும்போது விசில் அடிக்கிற வயசு இன்னும் தாண்டவில்லை.

நவீனர், நுவரெலியா: மின்சார வேன் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

இல்லைதான். கேனில் மின்சாரம் பிடித்துப் போக முடியாது என்பதுதான் அதன் பாதுகாப்பு, அதுதான் அதன் தலைவலியும்.

டிரேட்டன் மனைவி, இரண்டாம் கடிதம்: வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். அந்தப் பழைய பெற்றோலைக் கானில் ஊற்றிவிடட்டுமா?

ஐயோ, வேண்டாம் தங்கச்சி. கானில் ஊற்றினால் ஆவி கானோடு தவழ்ந்து அடுத்த வீட்டு அடுப்பைத் தேடிப்போகும். மிச்சம் ஓடையில் இறங்கும். நம் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகின்றன. உங்கள் கட்டிலடிப் பயத்தைக் கண்டிக்காரர் ஏன் குடிக்க வேண்டும்? தெரிந்த கராஜில் கொடுங்கள், உதிரிப்பாகம் கழுவ எடுத்துக்கொள்வார்கள். கேனை மூடியைத் திறந்து, வெட்டவெளியில், பிள்ளைகள் அண்டாத இடத்தில் நன்றாக உலரவிடுங்கள். உலர்ந்த கேனை வெல்டிங்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். காலிக் கேனில் மிஞ்சுகிற ஆவி, நிறைந்த கேனைவிடப் பொல்லாதது.

அடுத்த இதழுக்குக் கேள்விகளைத் தபாலட்டையில் அனுப்பலாம். “இது நல்ல பெற்றோலா என்று பாருங்கள்” என்று சின்னப் போத்தலில் மாதிரி அனுப்பியிருக்கும் லிந்துலை வாசகர் உடனே வந்து அதைத் திரும்ப எடுத்துப் போகவும். தபால்காரர் பாவம்.